1,345 மீட்டர் மலையில் அப்படி என்ன ஆபத்து?

பிரிட்டனிலேயே உயரமான மலை பென் நெவிஸ். உயரம் 1,345 மீட்டர். எவரெஸ்டில் ஆறில் ஒரு பங்குகூட வராது. ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கம், கடலோர ஊரான ஃபோர்ட் வில்லியத்தை ஒட்டி நிற்கிறது. அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பிக்கலாம், உச்சிவரை நல்ல பாதை உண்டு. மூச்சு முட்டும் உயரம் கிடையாது. பனியாறு கிடையாது. கரடி, ஓநாய் எதுவும் கிடையாது. கோடையில் பள்ளிப் பிள்ளைகள், நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள், நன்கொடை திரட்ட ஏறுபவர்கள் என்று ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏறி இறங்குகிறார்கள்.

குளிர்காலத்தில் அதே மலையில் கைதேர்ந்தவர்களும் இறந்துபோகிறார்கள். இத்தனை சின்ன மலைக்கு அந்த வலு எங்கிருந்து வருகிறது? அது தெரிந்தும் ஆட்கள் ஏன் போகிறார்கள்? இரண்டு கேள்விகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் முதலாவது வெறும் பயமுறுத்தலாகவும் இரண்டாவது வெறும் பைத்தியக்காரத்தனமாகவும் தெரியும்.

மலையேற்றம் என்றதும் கயிற்றில் தொங்கியபடி செங்குத்துப் பாறையில் ஏறும் படம்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. இங்கே பேசப்போவது அதற்கு ஒரு படி கீழே இருக்கும் குளிர்கால மலைநடை. இதில் பெரும்பாலும் கயிறு இருக்காது. கோடையில் நடக்கும் அதே வழியில்தான் நடக்கிறீர்கள். வழி மட்டும் பனிக்கு அடியில் கிடக்கிறது. கையில் ஐஸ் ஆக்ஸ் எனப்படும் பனிக்கோடரி. பூட்ஸுக்கு அடியில் கிராம்பான், அதாவது கூர்மையான எஃகு முட்கள் கொண்ட சட்டம். பாறையில் தொங்குபவருக்குத் தான் ஆபத்தில் இருப்பது நொடிக்கு நொடி தெரியும். நடப்பவருக்கு அது தெரிவதில்லை. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.

சரி, ஏன் போகிறார்கள்?

ஒரு காரணம் பட்டியல். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு மன்ரோ என்று பெயர். 1891-இல் சர் ஹ்யூ மன்ரோ என்பவர் பட்டியல் போட்டதால் வந்த பெயர். இன்றைய கணக்குப்படி மொத்தம் 282. அத்தனையையும் ஏறி முடிக்க வேண்டும் என்று ஆயுளில் பாதியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் போட்டவரே முழுவதையும் முடிக்காமல் 1919-இல் இறந்துபோனார். டிக் அடிக்கும் இந்த ஆசையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் விடுமுறை நாளில் விடியும் முன்பே ஆளைப் போர்வையிலிருந்து கிளப்புவது பல நேரம் அதுதான்.

குளிர்காலத்தின் ஈர்ப்பு இதைவிடப் பெரியது. டிசம்பர் கடைசியில் பென் நெவிஸ் இருக்கும் இடத்தில் சூரியன் நண்பகலிலும் அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரிக்கு மேல் ஏறாது. பகல் முழுக்கச் சாய்ந்த வெயில். ஒவ்வொரு பனிமேட்டுக்கும் நீளமான நீல நிழல். சில நாட்களில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிடும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டுவிடும். கீழே ஊர் மந்தாரத்தில் கிடக்க, நீங்கள் மேகத்துக்கு மேலே வெயிலில் நிற்பீர்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் உங்கள் நிழல் கீழே மேகத்தின்மேல் விழும், நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வகம் இயங்கியது. 1894 செப்டம்பரில் அங்கே இரண்டு வாரம் வேலை பார்க்கப்போன சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர் இந்த வளையங்களைப் பார்த்து மயங்கிப்போனார். கீழே வந்து ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக மேகம் உண்டாக்கப் பார்த்தார். அந்த முயற்சிதான் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறைக் கருவியில் போய் முடிந்தது. 1927-இல் அவருக்கு நோபல் பரிசு. ஆய்வகத்தின் இடிபாடுகள் இன்னும் உச்சியில் இருக்கின்றன.

இன்னொரு காரணத்தைப் பலரும் வெளியே சொல்லமாட்டார்கள். உறைந்த சரிவில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருக்கும்போது மனதில் வேறு எதற்கும் இடமிருக்காது. கடன், ஆபீஸ், வீட்டுச் சண்டை எல்லாம் ஒதுங்கிவிடும். அந்தக் கவனம் வருவதற்குக் காலடியில் கொஞ்சமாவது ஆபத்து இருந்தாக வேண்டும். ஆபத்தை முழுக்க எடுத்துவிட்டால் இத்தனை பேர் போவார்களா? போகமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே "ஆபத்து என்று தெரிந்தால் போகாமல் இருக்க வேண்டியதுதானே" என்ற அறிவுரை இவர்களிடம் எடுபடாது.

பனி எந்தப் பக்கம் போனது

உச்சியில் கல் குவியல்களைப் பார்த்தால் அவற்றின்மேல் வெள்ளையாக, இறகு இறகாக ஐஸ் வளர்ந்திருக்கும். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் கல்லில் பட்டதும் உறைந்துபோவதால் உண்டாவது அது. எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அந்த இறகுகள் எந்தத் திசையைப் பார்த்து நீண்டிருக்கின்றனவோ அந்தத் திசையிலிருந்துதான் காற்று அடித்திருக்கிறது. அதாவது, தென்மேற்கே நீண்டிருந்தால் அந்தப் பக்கத்துப் பனியைக் காற்று வாரிக்கொண்டுபோய் வடகிழக்குச் சரிவில் கொட்டியிருக்கும். இறங்கும்போது எந்தச் சரிவை விட்டு விலக வேண்டும் என்பது அந்தப் போட்டோவிலேயே இருக்கிறது.

காற்று கொண்டுபோய்க் கொட்டிய பனி மற்ற பனி மாதிரி இருக்காது. துகள்கள் நொறுங்கி, நெருங்கிப் படிந்து, ஒரே பலகையாக இறுகிவிடும். அந்தப் பலகைக்கும் அதற்குக் கீழே இருக்கும் பழைய பனிக்கும் பிடிப்பு சரியாக இல்லாவிட்டால் ஓர் ஆளின் எடை போதும், மொத்தமும் பெயர்ந்து கிளம்பிவிடும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிவரை சாய்வுள்ள இடங்களில்தான் நடக்கிறது. நடக்கவும் ஏறவும் கால் தேடிப்போகும் சாய்வும் அதுவேதான். மேலே எங்கிருந்தோ தானாக வந்து ஆளை அடித்துப்போவதாக நினைக்கிறோம். சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ உடன் வந்தவரோ மிதித்துக் கிளப்பிய பனியில் சிக்கியவர்கள்.

இதில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது நீல வானம். இரண்டு நாள் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை பளிச்சென்று விடியும். வெயில் பார்த்து எல்லோரும் கிளம்புவார்கள். புதுப்பனி படிந்து, இறுகி நிலைக்க நேரம் கிடைக்காத நாள் அது. பனி பெய்யக்கூட வேண்டாம், ஏற்கெனவே கிடக்கும் பனியைப் பலத்த காற்று இடம் மாற்றினாலே போதும். காலடியில் 'தொப்' என்று அமுங்கும் சத்தம், பூட்ஸ் பக்கத்திலிருந்து ஓடும் விரிசல், இரண்டும் மலை வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம். அப்போதே திரும்பிவிட வேண்டும்.

ஸ்காட்லாந்தில் குளிர்காலம் முழுக்க, முக்கியமான மலைப்பகுதிகளுக்குத் தினமும் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிறது. ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் என்ற அமைப்பின் ஆட்கள் மலைக்கே போய்ப் பனியில் குழி வெட்டி அடுக்குகளைப் பார்த்து எழுதுவது. அபாயம் 1 முதல் 5 வரை. 5 என்றால் யாரும் போகமாட்டார்கள், பிரச்சினை இல்லை. 3 என்பதுதான் வில்லங்கமான எண். பார்த்தால் நடுவில் இருப்பதாகத் தோன்றும், அதனால் பலரும் கிளம்பிவிடுவார்கள். எண்ணைவிட, எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று அறிக்கையில் இருக்கும் வட்டப்படத்தைப் பாருங்கள்.

வழுக்கல், காற்று, குளிர்

பனிச்சரிவுதான் செய்தியில் வரும். ஆனால் மீட்புக் குழுக்களை அதிகம் கூப்பிட வைப்பது சாதாரணமாக வழுக்கி விழுவது. பகலில் லேசாக உருகி இரவில் உறைந்த பனி சிமென்ட் தரை அளவுக்கு இறுகியிருக்கும். வாட்டர்ப்ரூஃப் உடையோடு அதில் சறுக்கினால் சில நொடிகளில் கட்டுக்கடங்காத வேகம் வந்துவிடும். பனிக்கோடரி இருப்பது அதற்குத்தான். விழுந்தவுடன் குப்புறத் திரும்பி, கோடரியின் அலகைத் தோளுக்கு அருகே வைத்து, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்த வேண்டும். கிராம்பான் மாட்டியிருந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ள வேண்டும். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும், ஆளையும் தலைகுப்புறப் புரட்டிவிடும். வேகம் கூடுவதற்குள் இவ்வளவையும் செய்தாக வேண்டும். வீடியோ பார்த்துக் கற்க முடியாது. ஆபத்தில்லாத, அடியில் சமதளம் உள்ள, பனி மூடிய ஒரு சாய்வில் வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழக வேண்டும்.

கோடரியைப் பைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். விழுந்த பிறகு அதை அவிழ்க்க நேரம் கிடைக்காது. கிராம்பானும் அப்படியே: தேவைப்படும் இடத்துக்கு முன்னால், சமமான இடத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ள வேண்டும். சரிவின் நடுவில் ஒற்றைக் காலில் நின்று வார் இழுப்பது தானே விபத்தை வரவழைப்பது.

அடுத்தது காற்று. அட்லாண்டிக் புயல்கள் நேராக வந்து மோதும் இடம் இது. 1986 மார்ச் 20 அன்று ஸ்காட்லாந்தின் இன்னொரு மலையான கேர்ன்கார்மின் உச்சிக் கருவியில் பதிவான காற்று மணிக்கு 278 கிலோமீட்டர். அதில் பாதி அடித்தாலே நிற்க முடியாது. குளிரையும் காற்றோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 15. உடை நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஸ்காட்லாந்துக் குளிர்காலத்தில் பனி, மழை, மறுபடி பனி என்று ஒரே நாளில் மாறுவதால், நனையாமல் இருப்பதே பெரும்பாடு.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். அது எப்படி வெளியே தெரியும்? முதலில் ஜிப்பைப் போட விரல் ஒத்துழைக்காது. அப்புறம் கால் தட்டும். கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர் பேச்சைக் குறைப்பார், கேட்டால் எரிந்து விழுவார், வார்த்தை குழறும். கையுறை கழன்று விழுந்தால் எடுக்கக்கூடத் தோன்றாது. அவரைக் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார், பொய்யல்ல, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும். அதனால் கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். உதறல் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. ஆள் சூடாகாமலேயே உதறல் நின்றுபோனால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. தனியாகப் போவதில் இருக்கும் சிக்கல் இதுதான்: உங்களைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

231 டிகிரி, 150 மீட்டர்

பென் நெவிஸ் உச்சி அகலமான மேட்டுநிலம். வடக்குப் பக்கம் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு விழும் பாறை முகம். மேகம் சூழ்ந்து, தரையும் பனியாக இருக்கும்போது வானம் எது, தரை எது என்றே தெரியாது. இதை வைட்-அவுட் என்பார்கள். பாறை விளிம்பில் காற்று சேர்த்த பனி, வெற்றிடத்தின்மேல் கூரையாக நீண்டிருக்கும், பெயர் கார்னிஸ். அதன்மேல் நிற்பவருக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது தெரியாது. அது உடையும் கோடு விளிம்பிலிருந்து நாம் நினைப்பதைவிட நிறைய உள்ளே இருக்கும்.

இந்த உச்சியிலிருந்து வைட்-அவுட்டில் இறங்கும் வழி இரண்டு திசைகளாகச் சொல்லப்படுகிறது. உச்சியில் இருக்கும் நில அளவைத் தூணிலிருந்து மேப்பின்படி 231 டிகிரியில், அதாவது தென்மேற்காக, 150 மீட்டர். அப்புறம் 282 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட மேற்காக. உச்சியிலிருந்தே நேராக மேற்கே போனால் என்ன என்று கேட்கலாம். வடக்கிலிருந்து கார்டிலூ கல்லி என்ற பிளவு அந்த வழியை வெட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. அதைச் சுற்றிப்போகத்தான் முதல் 150 மீட்டர். தாண்டியதும் திரும்பாமல் அதே போக்கில் போனால் மறுபக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்ற இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. அங்கேயும் பல உயிர்கள் போயிருக்கின்றன. ஆக, திசையும் சரியாக இருக்க வேண்டும், தூரமும் சரியாக இருக்க வேண்டும்.

கண் தெரியாத இடத்தில் 150 மீட்டரை எப்படி அளப்பது? அடியை எண்ணித்தான். இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணினால் சமதளத்தில் 100 மீட்டருக்குச் சராசரி ஆளுக்கு அறுபதைச் சுற்றி வரும். பனியில் அடி குறுகும், எண்ணிக்கை கூடும். உங்கள் எண் எவ்வளவு என்பதை முன்பே நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். காம்பஸ் காட்டும் வடக்குக்கும் மேப்பின் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும். இதெல்லாம் காற்று முகத்தில் ஐஸ் துகளை அறைந்துகொண்டிருக்கும்போது, தடித்த கையுறையோடு. போன் இருக்கிறதே என்றால், இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், நனைந்த திரை விரலுக்குப் பணியாது. முன்னால் போனவரின் காலடித் தடத்தைப் பிடித்துப் போகலாம் என்றால், அவர் கயிறோடு வந்த பாறையேறியாக இருந்திருக்கலாம். அந்தத் தடம் உங்களை நேராக விளிம்புக்குக் கூட்டிப்போகும்.

1971

கேர்ன்கார்ம் மலைகளின் மேட்டுநிலத்தில் 1971 நவம்பரில் நடந்தது பிரிட்டனின் மலை விபத்துகளிலேயே மிகவும் பேசப்பட்டது. எடின்பரோவிலிருந்து ஒரு பள்ளி மாணவர் குழு இரண்டு பிரிவாகப் போனது. மேலே ஆபத்தில் ஒதுங்குவதற்காக இருந்த ஒரு சின்னக் கட்டடத்தில் இரவு தங்குவது திட்டம். வலுவான பிரிவு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு பிரிவு புயலில் மாட்டி, அந்த இடத்தை எட்ட முடியாமல், திறந்தவெளியில் இரண்டு இரவுகள் கிடந்தது. ஐந்து மாணவர்களும் 18 வயதுப் பயிற்சித் தலைவியும் இறந்தார்கள். குழுத் தலைவியும் ஒரு மாணவரும் பிழைத்தார்கள். உதவி தேடித் தவழ்ந்துகொண்டிருந்த தலைவியை மீட்பு ஹெலிகாப்டர் கண்டது.

அதற்குப் பிறகு எழுந்த பெரிய விவாதம் இப்படிப்பட்ட கட்டடங்களைப் பற்றியது. ஆபத்தில் ஒதுங்க இடம் இருப்பது நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பனி மூடினால் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு கட்டடத்தை நம்பித்தான் ஆட்கள் மேலே போகிறார்கள், அது இல்லாவிட்டால் நேரத்தோடு கீழே இறங்குவார்கள் என்றார்கள் எதிர்த்தரப்பினர். மேட்டுநிலத்தில் இருந்தவற்றை அகற்றிவிட்டார்கள். பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகிறவர்களுக்கான தகுதி விதிகளும் இறுகின. கட்டடங்களை அகற்றியது சரியென்றே எனக்குப் படுகிறது. இருந்தாலும் மலைக்காரர்களே அன்று இதில் ஒத்த கருத்தோடு இருக்கவில்லை.

திரும்பி வந்தால் சரியாகச் செய்தோம் என்று அர்த்தமா?

சமையலில் உப்பு கூடினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். மலையில் அப்படித் தெரியாது. அபாயம் 3 என்று அறிக்கை சொன்ன நாளில், விலக வேண்டிய சரிவைக் கடந்துபோகிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கணிப்பு சரியா, அல்லது அன்றைக்கு அதிர்ஷ்டமா? மலை சொல்லாது. அடுத்த வாரமும் கடக்கிறீர்கள், அடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் தைரியம் ஏறுகிறது, அறிவு ஏறவில்லை. அனுபவசாலிகள் ஏன் சாகிறார்கள் என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எனவே கீழே வந்தபின், உச்சியைத் தொட்டோமா என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நம் கணிப்பு தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசிப்பார்க்கும் குழுக்களைத்தான் நான் நம்புவேன்.

இதோடு சேர்ந்துகொள்வது செய்த செலவும், கூட வந்தவர்கள் முன்னால் வரும் தயக்கமும். லீவு போட்டு, இரவெல்லாம் வண்டி ஓட்டி, அறை எடுத்து வந்திருப்பீர்கள். மேலே இன்னும் 200 மீட்டர்தான். நால்வரில் ஒருவருக்குச் சந்தேகம், ஆனால் மற்றவர்கள் முன் சொல்லத் தயக்கம். அதற்காகத்தான் திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்வது. அதற்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பென் நெவிஸுக்குப் போட்டால், உச்சிவரை ஒரு வழிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் நடைக்கு ஒன்றே முக்கால் மணிக்குள், ஏற்றத்துக்கு இரண்டேகால். ஏறுவதற்கு மட்டும் மொத்தம் கிட்டத்தட்ட 4 மணி நேரம், அதுவும் ஓய்வில்லாமல், பனியில்லாத பாதையில். பனியில் 6 ஆகலாம். டிசம்பர் கடைசியில் அங்கே பகலே 7 மணி நேரத்துக்குக் குறைவு. அப்படியானால் இருட்டில் ஏற ஆரம்பிக்கிறீர்கள், அல்லது இருட்டில் இறங்குகிறீர்கள். நெற்றியில் கட்டும் டார்ச்சும் அதற்கு மாற்று பேட்டரியும் ஏன் கட்டாயம் என்பது இப்போது புரியும்.

ஆரம்பிக்க நினைப்பவர் முதலில் கோடையில் மேப்பும் காம்பஸும் பழகட்டும். பிறகு ஒரு குளிர்காலப் பயிற்சியில் சேரட்டும். ஏவிமோர் ஊர் பக்கத்தில் இருக்கும் கிளென்மோர் லாட்ஜ் இதற்கென்றே உள்ள தேசியப் பயிற்சி மையம். சான்றிதழ் பெற்ற வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தி ஒரு நாள் போவதும் நல்ல செலவு. பூட்ஸ் விஷயத்தில் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வளைந்து கொடுக்கும் சாதாரண டிரெக்கிங் பூட்ஸில் கிராம்பான் கழன்றுகொள்ளும். எல்லோரும் ஒன்றாக உள்ளே உட்காரக்கூடிய துணிக் கூடு ஒன்று, கூடுதல் கையுறை, சூடான பானம், விசில், இவை பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

விபத்து என்றால் 999-ஐ அழைத்து, போலீஸ் வேண்டும், மலை மீட்பு வேண்டும் என்று கேட்க வேண்டும். போனில் சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று விசில் பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று பொருள். வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், ஃபோர்ட் வில்லியம் மாதிரி ஊர்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். மீட்டதற்குக் கட்டணம் கேட்கமாட்டார்கள். கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கியவுடன், டீ குடிப்பதற்கு முன்பே, அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். மறந்தால், நீங்கள் அறையில் குளித்துக்கொண்டிருக்கும்போது இருபது பேர் டார்ச்சோடு மலையில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.